சனிக்கிழமை லேத்

ஆகஸ்ட் 5, சனி

"இளம் பொறியாளர்" வகுப்பு இன்று தொடங்கியது. காலேஜ் வாசலில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு ஃபிளக்ஸ். கரஸ்பாண்டன்ட் கும்பிட்டபடி நிற்கிறார். அவருக்குப் பின்னால் மஞ்சள் ஹெல்மெட் போட்ட இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் எதையோ பார்த்துச் சிரிக்கிறார்கள். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஹெல்மெட்டும் கிடையாது, சிரிப்பதற்கும் ஒன்றும் கிடையாது.

சங்ககிரியைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளில் இருந்து பிளஸ் டூ பிள்ளைகளைக் காலேஜ் பஸ்ஸே போய் அள்ளிக்கொண்டு வருகிறது. சனிக்கிழமைதோறும் அரை நாள். அரம் பிடிப்பது, லேத் ஓட்டுவது, வயரிங், எல்லாம் கையால் செய்து கற்கலாம். மதியம் தக்காளி சாதம். எதற்கு இவ்வளவு பாசம் என்பதைப் பிரின்சிபால் நேற்றே ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "அடுத்த வருசம் இந்தப் புள்ளைங்க இதே பஸ்ல வரோணும் மேடம். அதுக்குத்தான் இத்தனையும்." அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் வருகிறவர்களுக்கு அரசாங்கமே கட்டணம் கட்டிவிடும், நிலுவை என்ற பேச்சே வராது. மெக்கானிக்கல் துறையில் மிச்சமிருக்கும் ஒரே பெண் ஆசிரியர் நான். "பொண்ணுங்களுக்கு நம்பிக்கையா இருக்கும்" என்று வகுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஒர்க்‌ஷாப்பில் எட்டு லேத். ஓடுவது மூன்று. எட்டுக்கும் பச்சைப் பெயின்ட் அடித்தாயிற்று. டெக்னீசியன் சின்னராசு அண்ணன் ஓடாத ஐந்தையும் காட்டி, "இதுகளப் பார்த்துக்கலாம், தொடக்கூடாதுங் கண்ணுகளா" என்றார். கோயிலுக்குள் வந்த மாதிரி பிள்ளைகள் தள்ளி நின்று பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "பொழுதோட வந்துட்டயா அம்மிணி?" இருபது வருடமாக இதே கேள்வி.

ஆகஸ்ட் 9, புதன்

சிலிண்டர் வந்தது. ரெகுலேட்டர் உட்காரவில்லை. மெக்கானிக்கல் இன்ஜினியர் வீட்டில் பக்கத்து வீட்டு அக்கா வந்து மாட்டிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 19, சனி

ஆளுக்கு ஓர் இரும்புத் துண்டும் ஓர் அரமும் கொடுத்து, நான்கு பக்கமும் சதுரமாக அராவச் சொல்லியிருந்தேன். அலுத்துப்போகும் வேலை. அலுப்புத் தட்டாதவர்கள் யார் என்று பார்ப்பதற்காகவே எனக்கு அது பிடிக்கும். பையன்கள் சட்டைக் கையை மடித்து வீரமாக ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாதிப் பேர் கையை உதறிக்கொண்டு நின்றார்கள். ஒருவன், "மேடம், இதுக்கு மெஷின் இல்லீங்களா?" என்றான். இருக்கிறது, பெயின்ட் அடித்து வைத்திருக்கிறோம் என்று சொல்ல வாய் வந்தது.

ஒரு பெண் மட்டும் தக்காளி சாதத்துக்குப் போகவில்லை. மெலிந்த உருவம், இரட்டைச் சடையைத் தூக்கிக் கட்டியிருந்தாள். துண்டை மூலமட்டத்தில் பொருத்தி, இடுக்கில் வெளிச்சம் கசிகிறதா என்று ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த மூலையில வெளிச்சம் வருதுங்க மேடம்" என்றாள். எனக்கு வெளிச்சம் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தபோது தெரிந்தது.

பேர் சிவரஞ்சனி. புளியங்காட்டூர். அப்பா போர் போடும் ரிக் வண்டியில் வேலை, வருடத்தில் பாதிக்கு மேல் ராய்ப்பூர்ப் பக்கம். அம்மா தறி ஓட்டுகிறார். வெளிச்சம் அடைபடும் வரை அவளும் விடவில்லை, நானும் போகச் சொல்லவில்லை. அப்புறம் இரண்டு பேரும் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டோம்.

செப்டம்பர் 9, சனி

லேத் ஆரம்பம். பெண்பிள்ளைகளின் துப்பட்டாவைக் கழற்றி வைக்கச் சொன்னேன், சடையைக் கொண்டை போடச் சொன்னேன். ஒரு பெண்ணின் அம்மா போனில் பிரின்சிபாலைக் கூப்பிட்டு, துப்பட்டா இல்லாமல் எப்படிப் பையன்களோடு நிற்க வைக்கலாம் என்று சண்டை. பிரின்சிபால் என்னிடம் வந்து, "துப்பட்டாவோடவே ஓட்டட்டுமே மேடம், என்ன ஆகிடப் போவுது" என்றார். என்ன ஆகும் என்று சொன்னேன். விவரமாகச் சொன்னேன். அவர் சாப்பிடாமல் போய்விட்டார். இப்போது கோட்டு தைத்துத் தருவதாகப் பேச்சு.

தண்டைப் பிடிக்கும் சக்கிலிருந்து சாவியை எடுக்காமல் மோட்டாரைப் போடப் போன ஒருவனின் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தது நான் இல்லை, சிவரஞ்சனி. அவன் அவளை முறைத்தான். "சாவி பறந்து உன் மூஞ்சிக்குத்தான்டா வரும்" என்றாள் அவள்.

அக்டோபர் 14, சனி

எங்கள் சொந்த மாணவர்கள், இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் பயல்கள் ஏழு பேர், ஒர்க்‌ஷாப் ஜன்னலில் நின்று பள்ளிப் பிள்ளைகள் லேத் ஓட்டுவதை வேடிக்கை பார்த்தார்கள். "எங்களுக்கு எப்பங்க மேடம்?" என்று ஒருவன் கேட்டான். இந்த செமஸ்டரில் அவர்களுக்கு இரும்புத் தண்டு வாங்க அனுமதி வரவில்லை. ரெக்கார்டில் படம் வரைந்துவிட்டார்கள். சனிக்கிழமைக்கு மட்டும் தண்டு கேட்ட மறுநாளே வந்துவிடுகிறது. கல்யாணம் முடிகிறவரைதான் மாப்பிள்ளைக்கு உபசாரம், அதற்கப்புறம் வீட்டு ஆள்தானே. அந்தப் பையனிடம் அடுத்த வாரம் என்றேன்.

நவம்பர் 13, திங்கள்

தீபாவளிக்கு மறுநாள். லீவு. அப்பாவுக்கு அதிரசம் ஒத்துக்கொள்ளவில்லை, காலை முழுக்க அதே வேலை.

பரணில் அட்டைப்பெட்டி இறக்கும்போது படிக்கும்போது அளவெடுக்க வாங்கிய என் பழைய வெர்னியர் கிடைத்தது. படிப்பு முடித்த வருடம் ஓசூரில் ஒரு டூல் கம்பெனியில் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எங்கள் பேட்ச்சில் மெக்கானிக்கல் படித்த ஒரே பெண் நான், அந்தக் கம்பெனி எடுத்த ஒரே ஆளும் நான்தான். அப்பா சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை. "பக்கத்துலயே ஒரு காலேஜ்ல வாத்தியாரா இரு அம்மிணி. பொழுதோட வீடு வந்து சேர்ந்துரலாம்" என்றார், அவ்வளவுதான். அதற்கு என்ன பதில் சொல்வது? பதில் இல்லாத மாதிரி பேசுகிறவர்களிடம்தான் தோற்றுப்போகிறோம். அப்புறம் அம்மா போனாள், அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது, வந்த வரன்களுக்கு மெக்கானிக்கல் படித்த பெண் என்றால் பயமாக இருந்தது. இன்றைக்கு வரைக்கும் பொழுதோட வந்துகொண்டிருக்கிறேன்.

வெர்னியரைத் துடைத்து எண்ணெய் போட்டேன். இன்னும் சரியாக அளக்கிறது.

டிசம்பர் 16, சனி

கடைசி வகுப்பு. இனி பிள்ளைகளுக்குப் பரீட்சை.

போன இரண்டு வாரமாக ஆளுக்கொரு இரும்புப் பம்பரம் கடைய வைத்திருந்தேன். சாட்டை வேண்டாம், விரலால் திருகிச் சுற்றுவது. தண்டைச் சக்கில் பிடித்து, அடியைக் கூம்பாகக் கடைந்து, மேலே பிடிக்க ஒரு காம்பு விட்டு அறுத்தெடுக்க வேண்டும். அச்சு கொஞ்சம் விலகினாலும் பம்பரம் தலையாட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். இதில் யாரையும் ஏமாற்ற முடியாது, அதனால்தான் எனக்குப் பிடிக்கும்.

இன்று போட்டி. தரையில் ஒரு கண்ணாடித் துண்டைப் போட்டுச் சுற்றினோம். மற்றதெல்லாம் விழுந்து உருண்ட பிறகும் சிவரஞ்சனியின் பம்பரம் நின்றது. சுற்றுகிறதா, சும்மா நிற்கிறதா என்று சந்தேகமாக இருந்தது. ஒரு பையன் குனிந்து தொடப் போனான், மற்றவர்கள் அவனைப் பிடித்து இழுத்தார்கள். சின்னராசு அண்ணன், "எங்கூட்டுப் பம்பரம் கூட இப்பிடி நின்னதில்லீங்க" என்றார். நான் கை தட்டினேன். வெகு நாள் கழித்து மனசு நிறைந்திருந்தது. எழுதி வைக்கிறேன், மறந்துபோகும்.

எல்லாரும் பஸ் ஏறியபின் அவள் ஓடி வந்தாள்.

"மேடம், நான் மெக்கானிக்கல்தான் படிக்கோணும். எங்க சேரலாமுங்க?"

"கோயமுத்தூர் கவர்மெண்ட் காலேஜ்" என்றேன். யோசிக்கவே இல்லை. "உன் ஒதுக்கீட்டுக்கு நல்ல மார்க் எடுத்தா நிச்சயம் கிடைக்கும். அங்க ஒர்க்‌ஷாப்னா ஒர்க்‌ஷாப். சுத்தியும் பம்பு கம்பெனி, மோட்டார் கம்பெனி. படிக்கறப்பவே கம்பெனிக்குள்ள போயிட்டு வரலாம். ஆஸ்டலையும் கவர்மெண்டே பார்த்துக்கும். யார் என்ன சொன்னாலும் நீ அங்கதான் போகோணும்."

"யார் என்ன சொன்னாலுமா மேடம்?"

"யார் சொன்னாலும்."

சிரித்துக்கொண்டே போனாள். பிரின்சிபால் வராந்தாவில்தான் நின்றிருந்தார். காதில் விழுந்திருக்காது.

பிப்ரவரி 9, வெள்ளி

கரஸ்பாண்டன்ட் மீட்டிங். முறுக்கும் டீயும் கொடுத்தார்கள், அப்போதே பயமாக இருந்தது. மெக்கானிக்கல் முதல் வருடத்தில் பத்துப் பேர் கூட இல்லை, எத்தனை நாளைக்குச் சும்மா உட்கார வைத்துச் சோறு போடுவது என்று கேட்டார். "ஆளுக்கு அஞ்சு அட்மிஷன். எந்தக் கோர்ஸா இருந்தாலும் சரி. கொண்டு வராதவங்க ஆகஸ்டுக்கு அப்புறம் வேற இடம் பார்த்துக்கலாம்." முனைவர் பட்டம் வாங்கிய ஆள்கள் தலையைக் குனிந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் வராமல் முறுக்குக் கடிப்பது ஒரு வித்தை. நானும் கற்றுக்கொண்டேன்.

இந்த வயதில், மெக்கானிக்கல் பாடம் நடத்தத் தெரிந்த ஒருத்திக்கு வேற இடம் என்று எதைச் சொல்கிறார் என்று தெரியவில்லை. எல்லாக் காலேஜிலும் இதே மீட்டிங்தான் நடக்கிறது.

மார்ச் 22, வெள்ளி

பிளஸ் டூ பரீட்சை முடிந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது. மாத்திரை மாற்றினார்கள்.

மே 6, திங்கள்

ரிசல்ட். காலையிலேயே சிவரஞ்சனி போன். பள்ளியிலேயே அவள்தான் முதல். கணக்கில் நான் நினைத்ததை விட அதிகம். "கோயமுத்தூர் கிடைச்சுரும்தானுங்க மேடம்?" என்றாள். கிடைத்துவிடும் என்றேன். கண்டிப்பாகக் கிடைக்கும்.

மே 17, வெள்ளி

அட்மிஷனுக்கு ஆள் பிடிக்கும் கேன்வாஸ். காலையில் வண்டியை எடுத்தால் வெயில் தாழத்தான் வீடு. பள்ளிகள் கொடுத்த விலாசத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராக, நோட்டீஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. சோப்பு விற்க வருகிறவர்களுக்காவது தண்ணீர் கொடுக்கிறார்கள். இன்று ஒரு வீட்டில் எனக்கு முன்பே வேறு காலேஜின் ஆள்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என்னிடம் படித்த பையன். எழுந்து நின்று வணக்கம் சொன்னான். அப்புறம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே பிள்ளைக்காகப் பேசினோம். அவன் காலேஜ் தோள்பை கொடுக்கிறது, எங்கள் காலேஜ் தண்ணீர் பாட்டில்தான். பிள்ளையின் அப்பா பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இன்னொரு வீட்டில், "மெக்கானிக்கலுங்களா? அதெல்லாம் இப்ப யாரு படிக்கறாங்க?" என்று ஓர் அம்மா என்னிடமே கேட்டார். "நீங்க என்ன படிச்சீங்க?" என்று அடுத்த கேள்வி. கம்ப்யூட்டர் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 10, திங்கள்

இதுவரை நான்கு பேர். மூன்று பேர் கம்ப்யூட்டர், ஒருவன் சிவில். ஐந்தாவது கிடைத்த மாதிரி இருந்தது, அவனை அவன் மாமா ஈரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிரின்சிபால் கூப்பிட்டார். மெக்கானிக்கலுக்கு இதுவரை யாரும் வரவில்லையாம். "இந்த வருசம் அந்தக் கோர்ஸ் ஓடுமான்னே தெரியல மேடம். வர்றவங்கள ஏஐக்கு மாத்திக்கலாம்னு கரஸ்பாண்டன்ட் சொல்றாரு. இப்பவே வெளிய சொல்லிட்டு இருக்காதீங்க." சரி என்றேன். அப்புறம், "அந்தப் பம்பரப் புள்ள என்னாச்சுங்க? உங்க மேல ரொம்பப் பிரியமா இருந்துச்சே?" என்றார்.

வரும் வழியில் இட்லி அரிசி, உளுந்து, அப்பாவுக்குச் செருப்பு. செருப்பு அளவு சரியில்லை, மாற்ற வேண்டும்.

ஜூன் 28, வெள்ளி

செருப்பு மாற்றினேன். நான்கு பேர்தான்.

ஜூலை 7, ஞாயிறு

புளியங்காட்டூர் போனேன். சிவரஞ்சனியே போனில் கூப்பிட்டிருந்தாள். காலேஜ் விருப்பங்களை வரிசைப்படுத்திப் பதிய வேண்டும், அம்மாவுக்குப் பயமாக இருக்கிறது, மேடம் வந்து பேசினால் ஒத்துக்கொள்வார் என்று. நானாகப் போகவில்லை. அவள் கூப்பிட்டுத்தான் போனேன்.

ஓட்டு வீடு, பக்கத்துக் கொட்டகையில் தறிச் சத்தம். அம்மா தனலட்சுமி தறியை நிறுத்திவிட்டு வந்து கையைத் துடைத்துக்கொண்டார். வேண்டாம் என்றாலும் கேட்காமல் கடைக்கு ஆள் அனுப்பிக் கலர் வாங்கி வைத்தார். டிவி மேல் பம்பரம் இருந்தது. தூசு இல்லாமல் துடைத்து, அடியில் ஒரு கைக்குட்டை மடித்து வைத்திருந்தாள்.

சிவரஞ்சனி என்னைப் பார்த்து, ஆரம்பியுங்கள் என்பது போலக் கண்ணைக் காட்டினாள். தனக்காகப் பேச ஆள் வந்துவிட்டது என்கிற தெம்பு முகத்தில்.

"நமக்கு ஒண்ணும் தெரியாதுங்க மேடம்" என்றார் தனலட்சுமி. "கோயமுத்தூர்ங்கறா. ஆஸ்டல்ல உடோணும். அவிங்கப்பாவும் ஊர்ல இல்ல, நான் ஒருத்தி. பொட்டப் புள்ளைய அத்தனை தூரத்துல உட்டுப்போட்டு எனக்கு வெசனமா இருக்குதுங்க. நீங்களே காலேஜ்ல இருக்கறவிங்க. நீங்க போகச் சொன்னா நான் மறு பேச்சுப் பேச மாட்டேன்."

சிவரஞ்சனியின் அப்பாவைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்கள். பின்னால் கம்ப்ரசர் இரைச்சல். "மேடம் சொன்னாச் சரிதானுங்க. என்ன சொல்றாங்களோ அப்படியே பண்ணிருங்க" என்று கத்திவிட்டு அவர் வேலைக்குத் திரும்பினார்.

கலர் குடித்தேன். ரொம்ப இனிப்பு.

அந்த அம்மாவின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஆஸ்டல் சாப்பாடு எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கோயமுத்தூரில் ஓர் அவசரம் என்றால் ஓடுவதற்கு யார் இருக்கிறார்கள்? தனியாக இருக்கிற பொம்பளைக்கு மகள் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பலம் என்று எனக்குத் தெரியாதா? எத்தனையோ வீடு பார்த்தவள் நான். இதையெல்லாம் யோசித்துத்தான் சொன்னேன்.

"எங்க காலேஜ்னா பஸ் ஊருக்குள்ளயே வந்துருமுங்க" என்றேன். "பொழுதோட வீடு வந்து சேர்ந்துரலாம்."

தனலட்சுமியின் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதைத்தானுங்க நானும் நினைச்சேன்" என்றார்.

சிவரஞ்சனி டிவி மேல் இருந்த பம்பரத்தைப் பார்த்தாள். அப்புறம், "மேடம், நீங்கதானுங்க யார் சொன்னாலும் கோயமுத்தூர் போன்னு சொன்னீங்க" என்றாள்.

"அது ஒரு ஆசையில சொன்னது கண்ணு. இப்ப வீட்டு நிலைமையும் பார்க்கோணும்ல?"

"வீடு அப்பவும் இப்படித்தானுங்க இருந்துச்சு."

தனலட்சுமி, "மேடத்தையே எதுத்துப் பேசற?" என்று அதட்டினார். அவள் அடங்கிவிட்டாள். பம்பரத்தை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டே கேட்டாள். "இங்க மெக்கானிக்கல் இருக்குமில்லீங்க? லேத் இருக்குமில்லீங்க?"

"எங்க போவுது. இருக்கும்."

பிரவுசிங் சென்டருக்கு நான்தான் வண்டியில் கூட்டிப் போனேன். முதல் விருப்பம் எங்கள் காலேஜ், மெக்கானிக்கல். அவளே தட்டினாள். அவள் கையை யாரும் பிடிக்கவில்லை. திரும்பி வரும்போது வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டு வாசலில் இறங்கி, "தேங்க்ஸுங்க மேடம்" என்றாள்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பஸ் ஊருக்குள்தான் வருகிறது. லேத் அங்கேதான் இருக்கிறது.

ஜூலை 8, திங்கள்

ஐந்து.

ஜூலை 26, வெள்ளி

ஒதுக்கீட்டு ஆணை வந்தது. கேட்டது கிடைத்துவிட்டது. அவள் மார்க்குக்கு எங்கள் காலேஜைக் கேட்டால் கிடைக்காமல் போகுமா? பிரின்சிபால் துறை முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். நான் சர்க்கரை என்று சொல்லிவிட்டேன். சர்க்கரை அப்பாவுக்குத்தான்.

ஆகஸ்ட் 21, புதன்

மெக்கானிக்கலுக்கு வந்தது நான்கே பேர். நடத்த முடியாது என்று முடிவாகிவிட்டது. நான்கு பேரையும் ஏஐ கோர்ஸுக்கு மாற்றுகிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் டைல்ஸ் ஒட்டி, ஏசி போட்டு, கம்ப்யூட்டர் லேப் ஆக்குகிறார்கள். மேல் வருட மெக்கானிக்கல் பயல்கள் வழக்கம்போல ரெக்கார்டில் படம் வரைந்துகொள்வார்களாம்.

மதியம் பழைய இரும்புக்காரர் லாரி வந்தது. பச்சைப் பெயின்ட் அப்படியே புதிதாக இருந்ததால் நல்ல மெஷின் என்று முதலில் நினைத்துவிட்டார் போல. ஏழு லேத்தும் போனது. ஒன்றை மட்டும் ஷெட்டுக்கு இழுத்துப் போய் வைத்திருக்கிறார்கள், அராவும்போது இரும்பைப் பிடிக்கும் நான்கு வைஸ் பெஞ்சோடு. "இளம் பொறியாளர்" வகுப்புக்கு வேண்டுமல்லவா? போன வருடம் அந்த வகுப்பால்தான் நிறையச் சீட் நிரம்பியது என்று கரஸ்பாண்டன்ட்டே சொன்னாராம்.

எனக்கு வேலை இருக்கிறது. முதலாம் ஆண்டுக்கு இன்ஜினியரிங் டிராயிங், சனிக்கிழமை இந்த வகுப்பு. சின்னராசு அண்ணனுக்கு இல்லை. லாரி கிளம்புகிறவரை நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். கையில் எண்ணெய்க் கேன்.

"இதை வெச்சுக்குங்க. இனி நீங்கதான் போடோணும்" என்றார். பிறகு, "அந்தப் புள்ளைய கோயமுத்தூருக்கே போகச் சொல்லியிருக்கலாமுங்க மேடம்."

அவருக்கு என்ன தெரியும் என்று கோபம் வந்தது. அந்த வீட்டுக்குப் போனாரா, அந்த அம்மா அழுததைப் பார்த்தாரா? கோபம்தான் வந்தது. கண் கலங்கியது தூசியால், லாரி கிளப்பிய தூசி.

செப்டம்பர் 2, திங்கள்

முதலாம் ஆண்டு தொடக்கம். சிவரஞ்சனி புதுச் சுடிதாரில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, வந்தாள். மாற்றிய விஷயத்தை அவர்களுக்கு இன்றுதான் சொன்னார்கள். மற்ற மூன்று பையன்களுக்கும் சந்தோஷம், ஏஐ என்றால் வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.

இடைவேளையில் அவளைத் தேடிப் போகவில்லை. அவள்தான் வந்தாள். பழைய ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றிருந்தேன். உள்ளே டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"லேத் எங்கீங்க மேடம்?"

"ஷெட்டுல ஒண்ணு இருக்குது."

"ஒண்ணா?"

"சனிக்கிழமை வகுப்புக்கு."

டைல்ஸ் ஒட்டுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், அம்மாவின் நிலைமை, ஆஸ்டல், எல்லாம் தயாராக இருந்தது. அவள் கேட்டது வேறு.

"சனிக்கிழமை நானும் வரட்டுங்களா மேடம்? ஓரமா நின்னுக்கறேன். துடைச்சுக் குடுக்கறேன்."

வெட்கமாக இருந்தது. அதை மட்டும் ஒளிக்காமல் எழுதுகிறேன். வா என்றேன்.

செப்டம்பர் 14, சனி

புது பேட்ச். அதே பஸ், அதே தக்காளி சாதம், புது ஃபிளக்ஸ். இந்த முறை ஹெல்மெட் போட்ட வெள்ளைக்காரப் பிள்ளைகள் இல்லை. சிவரஞ்சனி இருக்கிறாள், பம்பரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு. போன டிசம்பரில் எடுத்த படம். எடுத்தது நான்தான்.

அவள் முன்னாலேயே வந்து லேத்தைத் துடைத்து, எண்ணெய் போட்டு வைத்திருந்தாள். சடையைக் கொண்டை போட்டிருந்தாள், சொல்லாமலே. பிரின்சிபாலுக்குத் தாங்க முடியாத மகிழ்ச்சி. "நீயே நாலு வார்த்தை பேசும்மா. நம்ம காலேஜ்ல சேர்ந்தது எப்படின்னு சொல்லு. புள்ளைங்க பேசுனா புள்ளைங்க கேட்கும்" என்றார்.

அவள் லேத்துக்குப் பக்கத்தில் நின்றாள். தயங்குவாள் என்று நினைத்தேன். தயங்கவில்லை.

"என் பேரு சிவரஞ்சனி. போன வருசம் நானும் உங்கள மாதிரித்தான் இங்க வந்தேன். இந்த மெஷின்லதான் இந்தப் பம்பரத்தைக் கடைஞ்சேன். எனக்குக் கோயமுத்தூர் கிடைச்சிருக்கும். மேடம் எங்கூட்டுக்கு வந்தாங்க. பஸ் ஊருக்குள்ளயே வருதுன்னு சொன்னாங்க." நிறுத்தி, என்னைப் பார்த்தாள். "பொழுதோட வீடு வந்து சேர்ந்துரலாம்."

குரலில் கோபம் இல்லை. நான் அவள் வீட்டில் எப்படிச் சொன்னேனோ, அதே இழுவை, அதே நிறுத்தம். பிரின்சிபால் முதலில் கை தட்டினார். பிள்ளைகளும் தட்டினார்கள். நானும் தட்ட வேண்டியிருந்தது.

முன்வரிசையில் ஒரு பெண், குட்டையாக, கை மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. எழுந்து, "அக்கா, இங்க சேர்ந்தா இந்த மெஷின தினமும் ஓட்டலாமுங்களா?" என்று கேட்டாள்.

சிவரஞ்சனி அவளையே பார்த்தாள். "அதை மேடம் சொல்லுவாங்க" என்றாள்.

பிள்ளைகள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பிரின்சிபாலும் திரும்பினார். சிவரஞ்சனி மட்டும் திரும்பவில்லை. லேத்தின் மேல் இருந்த பழைய துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டலாம் கண்ணு" என்றேன்.

மோட்டாரைப் போட்டேன். சத்தத்தில் அப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வகுப்பு முடிந்து பிரின்சிபால் அந்தப் பெண்ணின் பெயரையும் ஊரையும் கேட்டு வைத்துக்கொள்ளச் சொன்னார். கேட்டு வைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது சிவரஞ்சனி பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தாள். பம்பரத்தை லேத்தின் மேலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். மறந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்தேன். அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொழுதோட வந்துட்டயா அம்மிணி?"

வந்துவிட்டேன் என்றேன்.